நாள் தள்ளிப்போவதற்கு முன்னால்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். கர்ப்பம் என்று தெரிந்த கையோடு கணவனும் மனைவியுமாக வந்து ஃபோலிக் ஆசிட் என்ற பி வைட்டமின் மாத்திரை கேட்பார்கள். அவர்கள் முகமெல்லாம் சிரிப்பு, என் மனதுக்குள் கணக்கு ஓடும். கரு உண்டான சுமார் 28 நாளில் நரம்புக் குழாய் மூடிவிடும். மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான் உருவாகின்றன. அது சரியாக மூடத்தான் முக்கியமாக இந்த மாத்திரை. கேட்டு வருகிறவர்களில் பலருக்கு அந்த வேலை அநேகமாக முடிந்திருக்கும்.

நானாக அதைச் சொல்லிப் பயமுறுத்துவதில்லை. 12 வாரம் முடியும்வரை விடாமல் சாப்பிடுங்கள் என்று கொடுத்தனுப்புவேன்.

ஒரு பெண் கவுண்டரில் மூன்றைப் பரப்பினாள்: டாக்டர் கொடுத்தது, தானே வாங்கிய மல்ட்டிவைட்டமின், அம்மா ஊரிலிருந்து அனுப்பிய 5 மில்லிகிராம் அட்டை. மூன்றையும் தினமும் விழுங்குகிறாளாம். பொதுவாக வேண்டியது 400 மைக்ரோகிராம். அம்மாவின் ஒரே மாத்திரை அதைப்போலப் பன்னிரண்டரை மடங்கு. முந்தைய குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறை இருந்தவர்கள், சிலவகை வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள் மாதிரி ஆட்களுக்கு டாக்டர் எழுதும் அளவு அது.

நான் பிடிக்கப் பார்ப்பது அதற்கும் முன்னால் வருகிறவர்களை. கருத்தடை மாத்திரையை நிறுத்தப்போகிறவர்கள், கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்குகிறவர்கள். கரு தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தாவது தொடங்கினால்தான் முழுப்பலன். ஆனால் நம்மவர்களிடம் அந்தப் பேச்சை எடுப்பது லேசில்லை. புதுசாகக் கல்யாணமான ஒருத்தியிடம் சொன்னதும் கூட வந்த மாமியார், "இன்னும் ஒண்ணுமே ஆகல, அதுக்குள்ள என்னம்மா மாத்திரை? வீட்டுல முருங்கைக்கீரை போடுறோமே" என்றார்.

கீரையில் ஃபோலேட், அதாவது இதே வைட்டமினின் இயற்கை வடிவம், இருப்பது உண்மைதான். சூட்டிலும் கொட்டும் தண்ணீரிலும் நிறையப் போய்விடுமே, கீரையை மட்டும் நம்ப முடியாது என்றேன். அப்புறம், அவரைச் சரிக்கட்ட லூசி வில்ஸ் கதையை எடுத்தேன். பம்பாயில் ரத்தசோகையோடு இருந்த கர்ப்பிணிகளை மார்மைட் என்கிற ஈஸ்ட் பசையைக் கொடுத்தே தேற்றிய டாக்டர், 1931இல் அதை எழுதினார். அதிலிருந்த சத்தைத் தேடிப்போய்த்தான் பிற்பாடு ஃபோலிக் ஆசிட்டைப் பிரித்தெடுத்தார்கள்.

"மார்மைட்தானே? அது வீட்டுலயே இருக்கு. கஞ்சியில கலந்து குடுத்துடுறேன்" என்று மருமகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சில நாள் கழித்து மருமகள் தனியாக வந்தாள். 400 மைக்ரோகிராம் டப்பா ஒன்றை வாங்கி, பர்சுக்குள் திணித்துக்கொண்டே, "அத்தை கேட்டா கால்சியம்னு சொல்லிடுங்கக்கா" என்றாள்.