ஒரு நிமிடம் பேச இரண்டு வாரம்

மார்ச் 4
இருபதாம் தேதி தொழில்முனைவோர் கூட்டம். ஆளுக்கு ஒரு நிமிடம் பேச்சு, அப்புறம் கேள்விகள். அலுவலக நாற்காலிகளைப் பழுதுபார்க்கும் என் தொழிலைப் பற்றி அங்கே போய் வாய்க்கு வந்ததைப் பேச எனக்கு மனமில்லை. இன்றே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 6
“தரமான பராமரிப்புச் சேவை” என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அவருடைய தொல்லையிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி எழுதியிருக்கிறேன்: “உட்கார்ந்தால் தானாகக் கீழே இறங்கும் நாற்காலி உங்கள் அலுவலகத்திலும் ஒன்று இருக்கும். பெரும்பாலும் கெட்டுப்போனது இருக்கையை ஏற்றி இறக்கும், அடியிலுள்ள கேஸ் சிலிண்டர் மட்டும்தான். உங்கள் இடத்துக்கே வந்து அதை மாற்றித் தருகிறோம்.”

மார்ச் 9
1990இல் எலிசபெத் நியூட்டன் என்ற உளவியல் மாணவி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வைப் படித்தேன். தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்டுவார், மற்றவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் பிடிபட்டது 3. தட்டுபவர் மனதுக்குள் பாட்டு ஓடுகிறது, கேட்பவருக்கு வெறும் தட்டல்தான். சொந்தத் தொழிலைப் பேசும் எல்லோருக்கும் இதே கதைதான்.

அதனால் அக்கா மகளிடம் பேசிக் காட்டினேன். “சித்தி, சிலிண்டர்னா வெடிக்காதா?” என்றாள். எத்தனை நல்ல கேள்வி! உள்ளே அழுத்தத்தில் இருப்பது நைட்ரஜன், அது தீப்பிடிக்காது. ஆனால் சிலிண்டரைப் பிரிக்கவோ துளைக்கவோ கூடாது, முழுசாகத்தான் மாற்ற வேண்டும். பேச்சுக்காக நான் எழுதிவைக்கும் குறிப்பு அட்டையில் இந்தப் பதில் இப்போது ஏறிவிட்டது.

மார்ச் 12
இன்று கணக்கு. 100க்கு வாங்கியதை 150க்கு விற்றால் வாங்கிய விலையின்மேல் லாபம் 50 சதவீதம், விற்பனையில் பார்த்தால் 33தான். எதைச் சொல்கிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர் முன்னால் இரண்டையும் குழப்பினால் அப்புறம் சொல்வதெல்லாம் எடுபடாது. மாதச் செலவு கையைக் கடிக்காமல் இருக்க எத்தனை நாற்காலி வேண்டும் என்பதையும் போட்டுவிட்டேன்: வாடகை, சம்பளம் போன்ற நிலைச் செலவை, ஒரு நாற்காலிக்கு வாங்கும் தொகையில் உதிரிபாகம் போக மிஞ்சுவதால் வகுத்தால் போதும்.

மார்ச் 15
“புதுசே வாங்கிவிடலாமே?” இதை யாராவது கட்டாயம் கேட்பார்கள். நாற்காலியின் சட்டகமே விரிசல் விட்டிருந்தால் புதுசு வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். உண்மையான பதில் கையில் இருந்தால் குரல் தானாக நிமிர்கிறது.

அட்டைகளைத் திரும்பத் திரும்பப் படிப்பதில்லை. மூடிவைத்து நினைவிலிருந்து சொல்கிறேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் காட்டியது இதுதான்: ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் நிற்பது இப்படிப் பழகியவர்களுக்கே.

மார்ச் 18
முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடம். நடுவில் உள்ளதை அந்தந்த நேரத்துச் சொற்களில் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 20
பேசி முடித்ததும் ஒருவர், “எங்களிடம் இருப்பது ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி, எல்லாவற்றுக்கும் பாகம் கிடைக்குமா?” என்றார். “பல சிலிண்டர்கள் பொது அளவில்தான் வருகின்றன. ஆனால் உயரத்தை அளக்காமல் உறுதி சொல்ல மாட்டேன், வந்து அளக்கட்டுமா?” என்றேன். திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்.