நெல்சனில் கோடையும் இரண்டு வகை ஹாப்ஸும்

நியூசிலாந்தில் டிசம்பர் என்றால் கோடை. கிறிஸ்துமஸுக்கு அரைக்கால் சட்டையோடு திரிய உடம்பு சீக்கிரமே பழகிவிட்டது. மனசுக்குத்தான் பழகக் கொஞ்ச நாள் ஆனது. நாங்கள் குடிவந்த நெல்சன், தென் தீவின் வடக்கோரம். பீருக்குக் கசப்பும் வாசமும் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ; இந்த நாட்டு ஹாப்ஸில் பெரும்பகுதி விளைவது இந்த வட்டாரத்தில்தான். மொட்டுவேக்கா பக்கம் காரில் போனால், ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும் கம்பங்களில் கம்பி இழுத்துக் கொடியை ஏற்றியிருப்பதைப் பார்க்கலாம். மார்ச்சில் அறுவடை மும்முரம்.

வந்த புதிதில் தெருவில் யாரிடம் பேசினாலும் பேச்சு வானிலையோடு நின்றுவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் மட்டும் அது ஹாப்ஸுக்குத் தாவியது. அவர் காரேஜில் கார் கிடையாது, பீர் நொதிக்கும் 23 லிட்டர் வாளிகள்தான். சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச இங்கே உரிமம் தேவையில்லை. விற்பதாக இருந்தால்தான் வேண்டும்.

உறைபெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, அரைத்து அழுத்திய பச்சைத் துண்டுகள் இரண்டை என் உள்ளங்கையில் போட்டு, "தேய்த்து மோந்து பாருங்கள்" என்றார். கை சூட்டில் அது பொடிந்து பிசுபிசுத்தது. முதலில் பச்சைப் புல் வாசம், அப்புறம் பச்சைத் திராட்சை. அதுதான் நெல்சன் சாவின் என்ற ஹாப்ஸ் ரகம். அடுத்த கையில் மொட்டுவேக்கா, ஊரின் பெயரே கொண்ட ரகம்: நல்ல எலுமிச்சை வாசம்.

கோடை பீர் லேசாக இருக்க வேண்டும், ஆல்கஹால் நாலரை சதவீதத்துக்குள். மால்ட், அதாவது முளைகட்டிய தானியத்தின் சுவை, மெலிதாக இருப்பதால் ஹாப்ஸில் எது கூடினாலும் குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும். நெல்சன் சாவின் அடாவடி ரகம். கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் அதில் 12 சதவீதத்தை ஒட்டி, மொட்டுவேக்காவில் 7 சதவீதம்போல. சமமாகப் போட்டால் எலுமிச்சை இருந்த இடமே தெரியாது. அதனால் இரண்டு பங்கு மொட்டுவேக்காவுக்கு ஒரு பங்கு நெல்சன் சாவின் என்பது என் கணக்கு. கசப்புக்காகக் கொதி தொடங்கும்போது கொஞ்சம் போதும். மீதியில் ஒரு பாதி, அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறங்கியபின். அந்தச் சூட்டில் கசப்பு மெதுவாகத்தான் இறங்கும். வாசனை எண்ணெய் ஆவியாகிப் போவதும் குறைவு. மறுபாதி, நொதித்தல் அடங்கும் சமயத்தில் மூன்று நாள் ஊறலுக்கு. அப்போது மூடியை அடிக்கடி திறந்தால் காற்று புகுந்து வாசனை மங்கிவிடும்.

ஐந்தாறு வகைகளை ஒன்றாகக் கொட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லாம் சேர்ந்து பொதுவாக ஒரு பழ வாசம் வரும், அவ்வளவுதான்.

புதிய கூட்டணியைச் சோதிக்க ஒரு வாளி பீரைப் பணயம் வைக்கத் தேவையில்லை. ஹாப்ஸ் வாசமே இல்லாத சாதா லாகர் பீர் பாட்டில் நாலைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒன்றேகால் கிராம் அளவுக்கு வேறுவேறு கலவை போட்டு மூடி, இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்தால் போதும். மெதுவாகப் போடுங்கள், இல்லாவிட்டால் நுரை பொங்கி மேஜையெல்லாம் பீர்தான். ஒட்டிய எண்ணைத் தவிர பாட்டிலில் எந்த அடையாளமும் வைக்காமல் காரேஜில் நீட்டியபோதுதான் தெருக்காரர்கள் பலரை எனக்குப் பெயர் சொல்லித் தெரிய ஆரம்பித்தது. தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டுத் தம்பதி மூன்றாம் எண்ணா, நாலாம் எண்ணா என்று அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். சந்தோஷமாக இருந்தது.

பெரியவருக்கு இன்னும் மொட்டுவேக்கா பிடிபடவில்லை. அந்த இடத்தில் ரிவாக்கா என்ற இன்னொரு ஹாப்ஸ் ரகம்தான் சரி என்கிறார். ரிவாக்காவின் கிரேப்ஃப்ரூட் வாசம் நெல்சன் சாவினோடு முட்டும் என்பது என் கட்சி. சரி என்று அடுத்த வாளியைப் பாதியாகப் பிரித்திருக்கிறோம்: ஒன்று அவர் சொன்னபடி, ஒன்று என் கணக்குப்படி.