பகலில் காய்ந்தது, ராத்திரியில் வேர்த்தது

மண்டபம் கடற்கரையில் சோலார் டிரையர் வைத்து நெத்திலி காயப் போட்டதுதான் என் பிஎச்டி. "கருவாடு போடவா இத்தனை வருசம் படிச்சே?" என்று வீட்டில் கேட்டார்கள். இன்னும் கேட்கிறார்கள்.

தாளில் கணக்கு சுலபம். நெத்திலியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். 10 கிலோவை 20 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர 7 கிலோ தண்ணீர் ஆவியாகணும். கிலோவுக்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேணும். மொத்தம் நாலரை யூனிட் கரண்டுக்குக் கொஞ்சம் மேலே. எங்க ஊர் வெயிலுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று மார்ச்சில் டிரையரைக் கட்டி முடித்தேன். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் வந்துவிட்டது. 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கடலோரத்தில் பிறந்தவனுக்கு இது மறந்துபோனதை கைடிடம் எப்படிச் சொல்வது? நாட்டுப்படகில் வந்த கொஞ்ச மீனை, கரையில் கருவாடு போடும் அக்கா ஒருவரிடம் கெஞ்சி வாங்கினேன்.

முதல் அடி தெர்மோகப்பிளில், அதாவது டிரையருக்குள் சூட்டை அளக்கும் கம்பியில். உள்ளே 61 டிகிரி காட்டியது. 50-ஐத் தாண்டினால் மீன் காயாது, வேகும். பயந்துபோய் காற்றுத் திறப்பை முழுசாகத் திறந்தேன். இரண்டு நாளாகியும் மீன் சவசவ என்றே கிடந்தது. மேல்மூடி கண்ணாடி. வெயில் நேராகத் தெர்மோகப்பிள் முனையில் விழ, அது காற்றின் சூட்டை விட்டுத் தன் சூட்டையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இருபக்கமும் திறந்த சின்னக் குழாயாக அலுமினியத் தாளைச் சுருட்டி அதற்கு நிழல் கொடுத்தேன். அதே உச்சிவெயிலில் 9 டிகிரி இறங்கியது. இரண்டு வார அளவீடும் குப்பைக்கு.

அப்புறம் வந்ததுதான் பெரிய குழப்பம். உப்பு போட்ட தட்டு, போடாத தட்டு என்று இரண்டு வைத்திருந்தேன். சாயங்காலம் 412 கிராம் இருந்த உப்புத் தட்டு, விடிகாலையில் 431. தராசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, அன்று ராத்திரி டார்ச்சோடு உட்கார்ந்து மணிக்கொரு தரம் எடை போட்டேன். தராசு சரியாகத்தான் இருந்தது. ஏறியது உப்புத் தட்டுதான். மற்றது அவ்வளவாக அசையவில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுக்க ஆரம்பித்துவிடும். கடற்கரை ராத்திரியில் அது தாண்டாமல் இருந்தால்தான் அதிசயம். நான் பகல் முழுக்க வெளியேற்றியதில் ஒரு பங்கை மீன் ராத்திரியில் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது.

அக்காவிடம் சொன்னேன். "பொழுது சாயுமுன்ன அள்ளிக் கட்டிறணும் தம்பி. விட்டா வேர்த்துரும்ல?" என்றார், வலையிலிருந்து தலையை எடுக்காமலே. இதை ஒரு மாசம் முன்னாடியே கேட்டிருக்கலாம்.

கட்டுரையை அனுப்பினால், ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறை செய்து அளவீட்டுப் பிழையையும் கணக்கிடச் சொல்லி ரிவ்யூ வந்தது. நியாயம்தான். ஆனால் அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது; பிப்ரவரி வரை டிரையர் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தால் அளவீடுகளைப் பதிவு செய்யும் லாகரின் முனைகளெல்லாம் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தன. முனைகளை மாற்றி, எல்லாத் தெர்மோகப்பிளையும் ஐஸிலும் கொதிநீரிலும் வைத்துச் சரிபார்த்து, மறுபடி முதலிலிருந்து.

பிஎச்டி முடிவில் நடக்கும் வாய்மொழித் தேர்வான வைவாவில் வெளித்தேர்வாளர் அந்த ராத்திரி வரைபடத்திலேயே நின்றுவிட்டார். "வெயில் போனதும் மூடிட்டுப் போயிருக்கலாமே. ராத்திரியில அளக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"தராசு மேல சந்தேகம் சார்" என்றேன்.