அரை கிளட்ச்சு ஆசாமி

ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலில் இருந்து பழமுதிர்சோலைக்கு மலையேறும்போது பைக் கத்துகிறது, ஆனால் நகர மாட்டேன் என்கிறது. முறுக்க முறுக்க சத்தம்தான் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. பின்னாலிருந்து வீட்டம்மா, "நான் வேணும்னா இறங்கி நடக்கவா?"

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் கிளட்ச் லீவரை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார். "ஆட்டமே இல்லையே தம்பி. லீவரைப் பாதி அமுக்கிக்கிட்டே, அரை கிளட்ச்சுலயே ஓட்டியிருக்கீக." கோரிப்பாளையம் நெரிசலில் நான் ஊர்ந்து போகும் லட்சணத்தை அவரிடம் சொல்லவில்லை.

கழற்றினால், கிளட்ச் பிளேட்டில் கட்டைகள் தேய்ந்து வழவழவென்று இருக்கின்றன. இடையில் இருக்கும் ஸ்டீல் பிளேட் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. புது பிளேட்டை எஞ்சின் ஆயிலில் ஊறப்போட்டுவிட்டு டீக்குப் போனோம். கார் ஆயில் மிச்சம் இருக்கிறது, ஊற்றலாமா என்றேன். முறைத்தார். கிளட்ச் ஆயிலிலேயே கிடக்கிற வண்டி இது. டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்று, அதாவது இந்த மாதிரி கிளட்ச்சுக்கு ஏற்ற பைக் ஆயில் என்ற தரக்குறி, போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் புது பிளேட்டும் வழுக்குமாம்.

கிளட்ச்சுக்குக் கெட்டி ஸ்பிரிங் போடலாமா? "பிடி நல்லாருக்கும். சிக்னலுக்கு சிக்னல் கை வலிக்கும், பரவாயில்லையா?" பழையபடியே போடச் சொல்லிவிட்டேன்.

இப்போது லீவர் நுனியில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆட்டம். அடுத்த ஞாயிறு மறுபடி சோலைமலை. வீட்டம்மா பஸ்ஸில் வருகிறாராம்.