கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு

உயர் அழுத்த வாயு சிலிண்டர்களைச் சோதிக்கும் கூடத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு ஹைட்ரோ டெஸ்ட்தான் வேதவாக்கு. தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி இறக்குவோம். நிரந்தர விரிவு வரம்புக்குள் இருந்தால் முத்திரை. அப்படி நான் முத்திரை குத்திய பழைய சிலிண்டர் ஒன்று, 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்தது, வால்வுப் பக்கம் கசிகிறது என்று சில மாதத்தில் திரும்பி வந்தது.

மூத்தவர் வால்வைக் கழற்றி, பல் டாக்டர் வைத்திருப்பாரே, அந்தக் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டார். "இங்க பாரு தம்பி." எனக்கு மரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சிவப்புச் சாயத்தை ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பூச்சைத் தெளித்தார். மரைகளைக் குறுக்கே வெட்டியபடி ஒரு சிவப்புக் கோடு மெல்லக் கசிந்து வந்தது.

நிரப்பிக் காலி செய்வதால் வரும் களைப்பு விரிசல் அல்ல அது. இந்தக் கலவையில், அழுத்தத்தோடு சும்மா நிறுத்தி வைத்தாலே போதும். அறை வெப்பத்திலேயே உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளின் எல்லை வழியே விரிசல் வருடக்கணக்கில் ஊர்ந்து போகும். துளி ஈயம் கலந்திருந்தால் இன்னும் மோசம். ஹைட்ரோ டெஸ்ட் அளப்பதோ மொத்த உடம்பின் விரிவை. தடித்த கழுத்துக்குள் நடப்பது அதற்கு எங்கே தெரியும்?

பிறகு உற்பத்திப் பக்கம் போனேன். உலோகத்தின் வலிமையைக் கூட்டிச் சுவரை மெலிதாக்கலாம் என்பதுதான் என் முதல் யோசனை; எடையும் குறையுமே! மூத்தவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: விரிசல் இருந்தும் முறியாமல் தாங்கும் திறன் அப்படியே இருக்க, சுவரின் தகைவு (ஒரு சதுர அளவில் விழும் விசை) இரட்டித்தால் தாங்கக்கூடிய விரிசலின் அளவு கால்வாசியாகிவிடும். விரிசல் சுவரைத் துளைக்கும்வரை உலோகம் தாங்கினால் கசிவோடு போகும், தாங்காவிட்டால் வெடிப்புதான். அந்தப் பழைய சிலிண்டர் கசிந்ததோடு நின்றது எங்கள் நல்ல நேரம்.

கலவையை 6061-க்கு மாற்றியதும், ஈயத்துக்கு வரம்பு வைத்ததும் காகிதத்தில் முடிந்த வேலைகள். கழுத்துதான் உயிரை வாங்கியது. சிலிண்டராகப் போகும் குழாயின் வாயைச் சூடாக்கிச் சுழற்றி, உருளையால் அழுத்தி மூடும்போது, உள்பக்கம் சுருக்குப்பை வாய் மாதிரி மடிப்பு விழும். ஒவ்வொரு மடிப்பும் விரிசலுக்குப் போட்டுக் கொடுத்த பாதை. சூட்டையும் அந்த உருளையின் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம், அப்புறம் உள்பக்கத்தைக் கூடுதலாகக் கடைந்தோம். மாதிரிக்கு ஒரு கழுத்தை நெடுக அறுத்து, மெருகேற்றி, லென்ஸில் பார்ப்பது என் வேலை.

இப்போது, உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைக் கண்டுபிடிக்கும் எடி கரண்ட் கருவி இருக்கிறது. ஆனால் மரை முடிகிற இடத்தில் அது வீணாகவும் அலறும். அப்போதெல்லாம் அந்தக் குட்டிக் கண்ணாடியைத்தான் எடுக்கிறேன்.