ஜம்பர் தகட்டைக் கழற்றினால் ஓம் மாறுமா? கீழக்கரை வீட்டில் பை-ஆம்ப் வேலை

சபரில் (வெளிநாட்டு வேலையில்) இருந்து ஊர் திரும்பிய மச்சான் கொண்டுவந்த ஒரு ஜோடி ஸ்பீக்கரில்தான் இந்த வேலை நடக்கிறது. 8 ஓம், டூ-வே. பின்னால் நான்கு டெர்மினல்: மேலே இரண்டு ட்வீட்டருக்கு (ட்ரெபிள்), கீழே இரண்டு ஊஃபருக்கு (பேஸ்). மேலையும் கீழையும் இணைக்க பிளஸ் பக்கம் ஒரு பித்தளைத் தகடு, மைனஸ் பக்கம் ஒன்று. என் 7.1 ஹோம் தியேட்டர் ரிசீவரின் மெனுவில் பை-ஆம்ப் வசதி, அதாவது ஒரே ஸ்பீக்கரின் ட்வீட்டருக்கும் ஊஃபருக்கும் தனித்தனி ஆம்ப் கொடுக்கும் வசதி, இருக்கிறது. பின் சரவுண்ட் சேனல்கள் சும்மா கிடந்தால் அவற்றை முன் ஸ்பீக்கருக்குத் திருப்பிவிடலாம். "அப்படிப் போட்டா 90 வாட்டு 180 ஆயிரும்" என்று ரிசீவர் விற்ற கடையில் சொன்னார்கள்.

மச்சானுக்கு வேறு சந்தேகம். "ரெண்டு 8 ஓம் பாக்ஸை ஒண்ணாப் போட்டா 4 ஓம் ஆகுதுல்ல மச்சான்? அப்ப இதைப் பிரிச்சா 16 ஆயிருமா?" நியாயமான கேள்விதான். வயரைத் தொடுவதற்கு முன் மீட்டரை எடுத்தேன்.

தகடுகளைக் கழற்றிவிட்டு வெறும் ஓம் ரேஞ்சில் வைத்தால், ஊஃபர் பக்கம் 6 ஓமை ஒட்டிக் காட்டியது. ட்வீட்டர் பக்கம் ஒன்றுமே காட்டவில்லை, வயர் அறுந்ததுபோல. ட்வீட்டர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். அதன் வழியில் ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. மீட்டர் அனுப்பும் டிசி மின்சாரத்தை அது விடாது. மச்சானின் கேள்விக்குப் பாதி விடை இதிலேயே வந்துவிட்டது. இரண்டு யூனிட்டும் இணையாகத்தான் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலான அதிர்வெண்களில் இரண்டும் சேர்ந்து கரண்ட் இழுப்பதில்லை.

கணக்குக்கு எளிதாக, இரண்டு யூனிட்டும் சுத்தமான 8 ஓம், பேஸையும் ட்ரெபிளையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் 3,000 ஹெர்ட்ஸில் முதல் ஆர்டர் (பக்கத்துக்கு ஒரே பாகம்) என்று வைப்போம். ட்வீட்டருக்கு சுமார் 6.6 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஊஃபருக்கு சுமார் 0.42 மில்லிஹென்றி காயில் வரும். 100 ஹெர்ட்ஸில் அந்தக் கெப்பாசிட்டரே 240 ஓம் காட்டும். ட்வீட்டர் கிளை இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. சரியாக 3,000 ஹெர்ட்ஸில் இரண்டு கிளையும் ஆளுக்கு 11.3 ஓம். ஒன்றில் கரண்ட் பிந்துகிறது, மற்றதில் முந்துகிறது. சேர்த்தால் அதே 8 ஓம். பிரித்தாலும் 16 இல்லை, சேர்த்தாலும் 4 இல்லை. ஒவ்வொரு ஆம்பும் தன் பங்கு அதிர்வெண்ணில் 8 ஓமைப் பார்க்கும், மற்ற இடத்தில் அதைவிடப் பெரிய ஓமைப் பார்க்கும்.

அப்புறம் நிஜ ஸ்பீக்கரை அளந்தேன். 10 ஓம், 5 வாட் வெள்ளைக் கட்டி ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, போனில் இருந்து 200 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, ரெசிஸ்டரிலும் ஸ்பீக்கரிலும் ஏசி வோல்ட்டை அளந்து, ஸ்பீக்கர் வோல்ட்டை ரெசிஸ்டர் வோல்ட்டால் வகுத்து 10 ஆல் பெருக்கினால் போதும். மலிவு மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பொய் சொல்லும், அதனால்தான் 200. ஊஃபர் மட்டும்: 6.9 ஓம். தகடுகளோடு, எப்போதும்போல மேல் டெர்மினலில் வயரைக் கொடுத்து: 7.6.

இங்கேதான் நின்றுவிட்டேன். 200 ஹெர்ட்ஸில் ட்வீட்டர் கிளையைக் கூடச் சேர்த்தால் ஓம் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். இங்கே கூடியிருக்கிறது.

தகட்டைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் தெரிந்தது. வெளியே தெரியும் பக்கம் தங்க முலாம் பளபளவென்று இருக்கிறது. திருகு அமரும் ஓட்டையைச் சுற்றி முலாம் உரிந்து, பச்சைக் களிம்பு பூத்து, நகத்தால் சுரண்டினால் தூளாகக் கொட்டுகிறது. எங்கள் வீடு கடலில் இருந்து கூப்பிடு தூரம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கொக்கியே கையோடு வந்துவிடும், பித்தளை எம்மாத்திரம்? ஊஃபருக்குப் போகும் மொத்தக் கரண்டும் இந்தக் களிம்பைத் தாண்டித்தான் போயிருக்கிறது. 0.7 ஓம் என்றால் ஏறக்குறைய 0.8 டெசிபல் இழப்பு. ஊஃபரின் ஓம் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்குவதால், இழப்பும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது.

பை-ஆம்ப் போட்டுக் கேட்டேன். பேஸ் இறுகியது, தவில் அடி தனியாக நின்றது. கடைக்காரர் சொன்னது சரிதானோ என்று தோன்றும் அளவுக்கு. ஆனால் பழைய ஒற்றை ஆம்புக்கே திரும்பி, தகடுக்குப் பதில் தோல் சீவிய 2.5 ஸ்கொயர் செம்பு வயரைத் திருகியபோதும் அதே பேஸ். மச்சானைத் திரும்பி உட்கார வைத்து மாற்றி மாற்றிப் போட்டேன்; அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பவர் ஏன் இரட்டிக்கவில்லை? 90 வாட் ஆம்ப் 8 ஓமில் சுமார் 38 வோல்ட் உச்சம்வரை போகும். ரிசீவர் இரண்டு சேனலுக்கும் முழுப் பாட்டையும்தான் அனுப்புகிறது. ட்வீட்டர் சேனல் பேஸ் கரண்டைக் கொடுப்பதில்லையே தவிர, பேஸின் வோல்ட்டைச் சுமக்கிறது. பெரிய அடி விழும்போது ஊஃபர் சேனலோடு சேர்ந்து அதுவும் அதே 38 வோல்ட்டில் முட்டி கிளிப் ஆகிறது (அலையின் உச்சி வெட்டுப்படுகிறது). கரண்டும் சூடும் கொஞ்சம் பங்கு பிரியும், அவ்வளவுதான். அதுவும் உள்ளே இருப்பது ஒரே டிரான்ஸ்ஃபார்மர். நிஜமாகவே இரட்டித்தாலும் கிடைப்பது 3 டெசிபல்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: பை-ஆம்ப் வயர் போடும்போது தகடு அங்கேயே இருந்தால் இரண்டு ஆம்பின் அவுட்புட்டும் நேருக்கு நேர் மோதும். முதலில் தகடு, பிறகு வயர்.

ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு மைக்செட் போடும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "டாப்பையும் பேஸையும் நாங்க ஆம்புக்கு முன்னாடியே பிரிச்சிருவோம் தம்பி. பின்னாடி பிரிச்சு என்ன லாபம்?" என்றார். கணக்கு அவர் பக்கம்தான். 20 வோல்ட் உச்சமுள்ள பேஸும் 20 வோல்ட் உச்சமுள்ள ட்ரெபிளும் ஒரே ஆம்பில் போனால் 40 வோல்ட் வேண்டும். 8 ஓமில் அது 100 வாட் ஆம்ப். முன்னாலேயே பிரித்துவிட்டால் ஆளுக்கு 20 வோல்ட், அதாவது 25 வாட் ஆம்ப் இரண்டு போதும். நிஜப் பாட்டில் ட்ரெபிள் அவ்வளவு உயரம் வராது, லாபம் இதைவிடக் குறையும். ஆனால் லாபம் உண்டு.

அதனால் இப்போது ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் இரண்டு டிபிஏ3116 ஆம்ப் போர்டு, 24 வோல்ட் சப்ளை, ஆம்புக்கு முன்னாலேயே பிரிக்கும், என்இ5532 ஐசி போட்ட ஆக்டிவ் கிராஸ்ஓவர். 8 ஓமில் சேனலுக்கு 30 வாட் பக்கம் வரும். டிபிஏ3116 சிப்பின் மைனஸ் டெர்மினல் கிரவுண்ட் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. ஆகவே பிளஸ் தகடு போலவே மைனஸ் தகடும் கட்டாயம் வெளியே வர வேண்டும். உள்ளே இருந்த கிராஸ்ஓவரை விலக்கிவிட்டதால், ஆன் செய்யும்போது வரும் 'டப்' நேராக ட்வீட்டரில் விழாமல் இருக்க 33 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் தொடரில் போட்டிருக்கிறேன். அது 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டும், பாட்டைத் தொடாது. ட்வீட்டரை அடக்கி வைத்திருந்த ரெசிஸ்டரும் பழைய கிராஸ்ஓவரோடு போய்விட்டதால் சத்தம் காதைக் கீறுகிறது. ட்வீட்டரின் அளவைக் குறைக்கும் பிரீசெட்டைத் திருப்பி இறக்கிக்கொண்டிருக்கிறேன். சரியான இடம் கிடைத்ததும் போர்டு முழுக்க வார்னிஷ் அடித்துவிடுவேன். இன்னொரு ஸ்பீக்கரில் அதுவரை செம்பு வயரும் பழைய கிராஸ்ஓவரும் அப்படியே இருக்கும், ஒப்பிட்டுக் கேட்க ஒன்று வேண்டுமே.