அரை நூல் பிசகு: ஜாக்கெட் பிட் குவில்ட், ஐந்தாவது வாரம்

துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, உள்ளே ஒரு அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். சின்னச் சதுரங்களைச் சேர்த்துத் தைத்த ஒவ்வொரு கட்டமும் ஒரு ப்ளாக். அதில் பதினேழு ப்ளாக்குகளைப் பிரித்து முடித்தாயிற்று. ஒரு ப்ளாக்குக்கு எட்டுத் தையல், ஆக 136 தையல். மூன்று நாள், இரண்டு பிளேடு, வாய் ஓயாத முணுமுணுப்பு. இத்தனைக்கும் காரணம் அரை நூல். தையல் கடையில் சொல்லும் நூல்தான், இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் பாதி.

எல்லாம் வீட்டில் சேர்ந்துகிடந்த ஜாக்கெட் பிட்டுகள். கொலுவுக்கும் வளைகாப்புக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் போன இடத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவை. எந்தச் சேலைக்கும் பொருந்தாமல், அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் கைமாறவும் இல்லாமல் பீரோவிலேயே தங்கிவிட்டன. 2½ இஞ்ச் சதுரங்களை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சேர்த்தால் ஒரு நைன் பேட்ச், பக்கத்தில் 6½ இஞ்ச் சாதாத் துண்டு, மாற்றி மாற்றி. 7க்கு 9, மொத்தம் 63 கட்டம். தையல் ஓரம் போகக் கட்டத்துக்கு 6 இஞ்ச், தைத்து முடித்தால் 42க்கு 54 இஞ்ச் வரும். தங்கை மகனுக்குப் போதும்.

இருபது ப்ளாக் தைத்த தெம்பில் முதல் வரிசையைக் கோத்தேன். சாதாத் துண்டுக்கும் நைன் பேட்ச்சுக்கும் உயரம் ஒத்துவரவில்லை. கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைத்தேன். (செய்யாதீர்கள்.) இரண்டாவது வரிசையை அதோடு சேர்த்ததும் சாதாத் துண்டெல்லாம் பூரி மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால், 6½ இருக்க வேண்டிய ப்ளாக்குகளில் 11 ப்ளாக் 6¼தான். ஆறு ப்ளாக் அதற்கும் இதற்கும் நடுவில். சரியாக வந்தது மூன்றே மூன்று.

கணக்கு ரொம்ப எளிது. தையல் ஓரம் கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல் விட வேண்டும். நான் விட்டது இரண்டரை நூல். ஒரு தையலில் இரண்டு துணியிலும் அரை அரை நூல் போனால் ஒரு நூல் காலி. நைன் பேட்ச்சில் குறுக்கே இரண்டு தையல், ஆக இரண்டு நூல். அந்தக் கால் இஞ்ச்தான் தொலைந்துபோனது. எல்லா ப்ளாக்கும் ஒரே அளவில் தப்பாகியிருந்தால் சாதாத் துண்டுகளை 6¼ ஆக வெட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆளுக்கொரு அளவில் நிற்கும்போது அதுவும் முடியாது.

துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் ஓரத்தைத் துணி விளிம்போடு ஒட்டி ஓட்டினால் கால் இஞ்ச் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அத்தையின் பழைய மிதி மிஷினில் அந்த இடைவெளி கால் இஞ்ச் இல்லை. இருபது வருடம் ஜாக்கெட் தைத்த கை வேறு. ஜாக்கெட்டுக்கு உள்ளே தாராளமாகத் துணி விடுவோம், உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று. அங்கே அரை நூலை யார் பார்த்தார்கள்? குவில்டில் பின்னால் பிரித்துச் சரிசெய்ய ஒன்றுமே கிடையாது.

அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நல்ல துணியை வெட்டுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, நீளவாக்கில் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, அயர்ன் பண்ணி அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச், மொத்தம் 3½ வர வேண்டும். எனக்கு நடுப்பட்டை ⅞, மொத்தம் 3¼. இந்தப் பத்து நிமிஷ வேலையை முதலிலேயே பார்த்திருந்தால் இந்தப் புலம்பலே வந்திருக்காது.

இன்னொன்று, சரியாகக் கால் இஞ்ச் வைத்தாலும் கொஞ்சம் குறையும். தையலுக்கு மேலே துணி மடங்கும் இடம் ஒரு இழை அளவைத் தின்றுவிடும். ஆகவே கால் இஞ்சுக்கு ஒரு மயிரிழை குறைவாக ஓட்ட வேண்டும்.

அந்த மயிரிழையை எப்படிப் பிடித்து வைப்பது என்பதில்தான் ஒரு வாரம் போனது. ஊசிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஊசி முனை கால் இஞ்ச் கோட்டைத் தொட்டும் தொடாமலும், விளிம்புப் பக்கமாக இறங்கி நிற்கும்படி பார்க்க வேண்டும். அப்புறம் ஸ்கேலின் விளிம்பை ஒட்டி மிஷின் தட்டில் ஒரு தடுப்பு. முதலில் இன்சுலேஷன் டேப்பை ஐந்து அடுக்கு ஒட்டினேன். மதுரை வெயிலில் பசை இளகி, மதியத்துக்குள் மொத்தமாக ஒரு நூல் நகர்ந்துவிட்டது. அடுத்து பழைய ஏடிஎம் கார்டை நறுக்கி ஒட்டினேன். அதன் ஓரம் துணியின் அடியில் ஓடும் பல்லில் உரசிக்கொண்டே இருந்தது. கடைசியில் கை கொடுத்தது ஃபிரிட்ஜ் காந்தம். மிஷின் முழுக்க இரும்பு என்பதால் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. கழற்றிய குண்டூசிகளும் தானாக அதிலேயே போய் ஒட்டிக்கொள்வது இலவச இணைப்பு.

கடைத்தெருவில் நான் ஜிப் வாங்கும் தையல்கார அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "என்னக்கா இது, அரை நூலுக்குப் போயா இவ்வளவையும் பிரிச்சீங்க?" என்றார். பட்டை மூன்றையும் காட்டினேன். அளந்து பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு தச்சுக் குடுங்க" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

பிரிப்பதில் ஒரு வழி: தையலை ஒவ்வொன்றாகக் குத்திக் கிழிக்காதீர்கள். ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒரு வெட்டு, அப்புறம் மறுபக்கம் திருப்பி நூலை ஒரே இழுப்பு. துணி நைந்துபோகாமல் கழன்றுவிடும்.

வெட்டுவதில் பெரிதாகப் பிரச்சினை இல்லை. 45 மி.மீ. சக்கரம் வைத்த உருளைக் கத்தி, அடியில் விரிக்கப் பச்சை மேட், அடிப்பட்டை ஸ்கேல். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே ஸ்கேலைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டு ஸ்கேல் இரண்டு கதை சொல்லும். இஞ்ச் டேப் வேண்டவே வேண்டாம், பழசானால் நீண்டுவிடும். ஒருமுறை கத்தியைக் குண்டூசி மேல் ஏற்றிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு 14 செ.மீ.க்கும் ஒரு இழை வெட்டுப்படாமல் நிற்கிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றும் தூரம் அது. புது பிளேடு வாங்கக் கஞ்சத்தனம்.

துணி விஷயத்தில் ஏமாந்த கதையும் உண்டு. "ப்யூர் காட்டன்க்கா" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த சாதாத் துணியில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால், காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக வேண்டியது, உருகிக் கருப்பு மணியாகச் சுருண்டது. பாலியஸ்டர். அயர்ன் பாக்ஸை வைத்தால் மடிப்பே நிற்காது. அதைத் தலையணை உறைக்கு ஒதுக்கிவிட்டு, பாவாடைக்கு எடுக்கும் பாப்ளின் வாங்கினேன். டூ பை டூ பிட்டுகள் நல்ல பருத்திதான், ஆனால் மெலிசு, வெட்டும்போது நழுவும். அதற்கு வைத்தியம் சோறு வடித்த கஞ்சி. முதலில் துவைத்துச் சுருங்கவிட்டு, கஞ்சியை நீர்க்கக் கலந்து முக்கி, காய்ந்ததும் அயர்ன் பண்ணி, அப்புறம்தான் வெட்ட வேண்டும். வெட்டிய சதுரத்துக்குக் கஞ்சி போட்டால் அளவு மாறிவிடும். வேலை முடிந்ததும் மறக்காமல் அலசிவிடுங்கள், கரப்பான் வரும். அரக்குக் கலர் பிட் மூன்று அலசலுக்கும் சாயம் விட்டுக்கொண்டே இருந்தது. வெள்ளைக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

அயர்ன் பண்ணும்போது இழுக்காமல் வைத்து எடுங்கள், தையல் ஓரத்தை அடர்ந்த கலர் பக்கமாக மடியுங்கள். இவ்வளவுதான், மிச்சம் உங்களுக்கே தெரியும்.

உள்ளே என்ன வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. சோபா கடையில் கிடைக்கும் ஃபைபர் ஷீட் எங்கள் ஊருக்கு அடுப்பு. இலவம் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். நைந்த பருத்திச் சேலை இரண்டை அடுக்கலாம் என்று அம்மா சொல்கிறார்கள், வங்காளத்துக் காந்தா மாதிரி. அதுதான் சரி என்று படுகிறது. அடியில் போட 46 இஞ்ச் அகலத்தில் ஒரு சுங்குடிச் சேலை இருக்கிறது, ஒட்டே போடாமல் இரு பக்கமும் 2 இஞ்ச் மிஞ்சும். அச்சுச் சுங்குடி என்பதால் மனசு வருகிறது. கையால் முடிச்சுப் போட்டதாக இருந்தால் கத்தியை எடுத்திருக்க மாட்டேன்.

இதற்குள் அடுத்ததற்கும் பிட் எடுத்து வைத்தாயிற்று. கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி (Siddi) இன மக்கள் தைக்கும் கவண்டி என்ற ஒட்டுத்துணிப் போர்வை. ஓரத்திலிருந்து உள்நோக்கிப் போவார்கள், எல்லாம் கைத்தையல், ஸ்கேலே தேவையில்லை. இந்த மாதத்துக்கு அது ரொம்ப ஆறுதலான செய்தி.

இப்போதைக்கு ஆறு ப்ளாக் திரும்பத் தைத்திருக்கிறேன். ஐந்து 6½. ஒன்று 6⁷⁄₁₆. அதை ஓரத்து வரிசையில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.